பூஞ்சைக்குக் கண் கிடையாது, ஆனா வெளிச்சம் தெரியும்

1/ பிரெட் பாக்கெட்டைத் திறக்கிறீங்க. ஒரு துண்டோட ஓரத்தில் பச்சையா பூசணம். அந்த ஓரத்தை மட்டும் பிய்ச்சுப் போட்டுட்டு மீதியைச் சாப்பிடலாமா?

கூடாதுங்க. ஏன் கூடாதுன்னு புரிஞ்சா, படர்தாமரை ஏன் போன மாதிரி போய் மறுபடியும் வருதுன்னும் புரியும். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ பூஞ்சையின் உடல் என்பது மெல்லிய இழைகள்தான். அவை பிரெட்டுக்குள்ளே ஓடிக்கிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நாம பார்க்கிற பச்சை, கருப்பு எல்லாம் வித்துகள். மரம் வளர்ந்த பிறகுதானே காய்க்கும்? நீங்க பார்த்தது காய். மரம் ஏற்கனவே உள்ளே வளர்ந்தாச்சு.

3/ சரி, எப்போ வித்து விடணும்னு அதுக்கு யார் சொல்றாங்க? காற்று, ஈரம், உணவு எல்லாமே சொல்லும். பல பூஞ்சைகளுக்கு வெளிச்சமும் சொல்லும்.

உணவுக்குள்ளே இருட்டு, மேலே வெளிச்சம். வெளிச்சம் பட்டால் "மேற்பரப்புக்கு வந்துட்டோம்"னு அர்த்தம். வித்து காற்றில் பறக்கணும்னா அதுதானே இடம்!

4/ நியூரோஸ்போரா என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிரெட் பூஞ்சை இருக்கு. அதில் 'வெள்ளைக் காலர்-1' என்ற புரதம்தான் நீல ஒளியை உணர்கிறது என்பது 2002-ல் உறுதியானது. இந்தப் புரதம் ஒளியைப் பிடிக்க உதவும் மூலக்கூறு எதிலிருந்து வருது தெரியுமா? வாய்ப்புண்ணுக்கு நாங்க எழுதித் தர்ற வைட்டமின் பி2-விலிருந்து.

5/ நீல ஒளி பட்டதும் புரதத்தின் வடிவம் மாறும். உடனே பல மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். முதல் வேலை, கரோட்டினாய்டு நிறமி தயாரிப்பது. கேரட்டுக்கு நிறம் தர்ற அதே குடும்பம். வெயிலின் பாதிப்பிலிருந்து காக்கும் குடை அது.

ஆக, பூஞ்சைக்கு வெளிச்சம் வாய்ப்பும்தான், ஆபத்தும்தான். வெயில் வரப்போகுது, காயப் போறோம், தயாராகு என்கிற முன்னறிவிப்பு.

6/ இது வெறும் உவமை இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சை சிவப்பு ஒளியையும் உணரும். அந்தச் செய்தி, உப்பு அதிகமானால் எச்சரிக்கை தர்ற அதே பாதை வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது என்று 2016-ல் கண்டுபிடிச்சாங்க. வெளிச்சத்துக்கும் ஆபத்துக்கும் ஒரே அலாரம்!

7/ சிப்பிக் காளான் வளர்ப்பவர்களுக்கு இது நல்லாவே தெரியும். வைக்கோல் பையில் வெள்ளை இழை பரவும்வரை இருட்டறை. பிறகு வெளிச்சமும் காற்றும் ஈரமும் உள்ள அறை. அங்கேதான் மொட்டு வரும். வெளிச்சம் போதலைன்னா காம்பு நீளும், குடை சிறுத்துப் போகும்.

8/ அடுத்து உப்பு. ஊறுகாயில் உப்பு அதிகமானால் பூஞ்சை செல்லிலிருந்து தண்ணீர் வெளியேறும். அது சும்மா இருக்காது. உள்ளே கிளிசரால் தயாரித்து தண்ணீரைப் பிடித்து வைக்கப் பார்க்கும். உப்பு குறைந்த ஊறுகாயில் அது ஜெயிச்சுடும். பாட்டி மேலே எண்ணெய் நிற்கிற மாதிரி ஊற்றுவது, அதுக்குக் காற்று கிடைக்காமல் செய்யத்தான்.

9/ நம் உடலின் பாதுகாப்பு, சூடு. 4,800-க்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளை ஆராய்ந்த 2009-ம் ஆண்டு ஆய்வில், 30 முதல் 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 6% கூடுதலாக வளர முடியாமல் போனது. நம்ம 37 டிகிரிதான் நமக்கு வேலி.

ஆனா தோல், உடலின் உட்புறத்தைவிடக் குளிர்ந்த இடம். படர்தாமரைப் பூஞ்சை அங்கேயே குடியிருந்து, தோலின் இறந்த மேலடுக்கைச் சாப்பிட்டு வாழும்.

10/ சூட்டைச் சமாளிக்க பூஞ்சையிடம் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் இருக்கு. அதில் ஒன்று, பூஞ்சை மருந்தையும் தாக்குப்பிடிக்க உதவுது என்று 2005-ல் காட்டினார்கள். உப்பு, சூடு, மருந்து எல்லாமே அதுக்கு நெருக்கடிதான். பாதி மருந்தோடு நிறுத்தினால், தாக்குப்பிடித்தவை மிஞ்சும்.

11/ இப்போ முக்கியமான இடம். படர்தாமரையின் சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் நம் உடல் காட்டும் எதிர்ப்பு. கடையில் கேட்டு வாங்குற பல கலவை க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். அது அந்த எதிர்ப்பை அடக்கிடும். இரண்டு மூணு நாளில் சிவப்பு போகும், அரிப்பு நிற்கும். "சூப்பர் மருந்து சார்" என்பீங்க.

பூஞ்சை எங்கேயும் போகலை. காவல்காரரைத் தூங்க வச்சிருக்கீங்க, அவ்வளவுதான். அது நிம்மதியா பரவும்.

12/ இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் ஒரு வகைக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம்ம நாடு இருக்கு. பெருமைப்பட ஒண்ணுமில்லை. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கே பல நேரம் அடங்காத வகை அது.

13/ செய்ய வேண்டியது:
• க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கான்னு கேட்காமல் வாங்காதீங்க.
• தடம் மறைந்தாலும் டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீங்க.
• வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் சேர்த்தே சிகிச்சை எடுங்க. துண்டு, உள்ளாடை தனித்தனி.
• குளித்ததும் இடுப்பு, தொடை இடுக்கை நன்றாகத் துடைத்து உலர விடுங்க.
• அடிக்கடி வந்தால் சர்க்கரை பாருங்க.

14/ "வெயிலில் காட்டினால் செத்துடுமா டாக்டர்?" என்று கேட்பாங்க. துணியைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்க, நல்லது. தோலை வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. வெயிலைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட கூட்டம் அது. உங்க தோல்தான் கருகும்.

15/ கண்ணுக்குத் தெரியலை என்பதால் இல்லை என்று ஆகாது. பிரெட்டுக்கும் அதே, தொடை இடுக்குக்கும் அதே. வீட்டில் அந்தக் கலவை க்ரீம் ட்யூப் யாராவது வச்சிருந்தால், இதை அவங்களுக்கு அனுப்புங்க.