ஈரம் அறிந்து நிற்கும் கோமாரிக் காடு



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்குப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். இடையில் வரும் கோமாரியில் அநேகர் இறங்குவதில்லை. ஒருமுறை குடும்பத்தோடு இறங்கி, கடற்கரையிலிருந்து மேற்கே பாருங்கள். எந்தச் செடிக்கு எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதை அல்லாஹ்வின் படைப்பே வரிசையாகக் காட்டும்.

முதலில் மணல். பெய்த மழை அதில் தங்காது, உப்புக்காற்றும் ஓயாது. அங்கே அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து மணலைப் பிடித்து வைக்கின்றன. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம் உம்மாமார் சொல்வது வெறும் பேச்சல்ல. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. அவ்வளவு பெரிய அலையைக் கொடி தடுக்காது. ஆனால் கரைக்கு அரணான மணல்மேட்டைக் காற்று கரைக்காமல் காப்பது அதுவே. துப்புரவு என்று நினைத்து அதைப் பிடுங்காதீர்கள்.

அடுத்தது களப்பு. உப்புநீரும் சேறும் கலந்த இடத்தில் கண்டல் நிற்கும்; அதன் கரையோரமாகத் தில்லை நிற்கும். விறகு பொறுக்கும் சகோதரிகள் தில்லையிடம் கவனமாக இருக்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும். பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களப்பைத் தாண்டினால் வரண்ட காடு. நம் பகுதிக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான். மற்ற மாதங்களில் வெயிலே அதிகம். பாலையும் வீரையும் தடித்த இலைகளோடும் ஆழமான வேர்களோடும் அதைத் தாங்குகின்றன. மரஞ்செடிகள் வாடும் கோடையில்தான் பாலைப்பழம் பழுக்கிறது! மருதமரமோ இதற்கு நேர்மாறு. ஆற்றோரத்தை விட்டு விலகாது. காட்டில் மருதைக் கண்டால் தண்ணீர் பக்கத்தில் என்று அறியலாம்.

வேலியோரத்தில் மழையோடு தளிர்த்துச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்பது கார்த்திகைப்பூ. கோடையில் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அக்கிழங்கு கொடிய நஞ்சு. உண்ணும் கிழங்கென்று நினைத்துப் பிள்ளைகள் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யானை நடமாடும் காடு என்பதால் உள்ளே தனியாகவும் போகவேண்டாம்.

இந்தக் காட்டின் பாடம் உங்கள் வளவுக்கும் பொருந்தும். வல்லாரையையும் பொன்னாங்காணியையும் கிணற்றடி ஈரத்தில் வையுங்கள். முருங்கையைத் தண்ணீர் நில்லாத மணல் மேட்டில் வையுங்கள். இடம் மாற்றி நட்டுவிட்டு, 'என் கைராசி சரியில்லை' என்று கவலைப்படும் சகோதரிகள் பலர். குறை கையில் இல்லை, நட்ட இடத்தில்தான். நடுவதற்கு முன் மண்ணை ஒரு பிடி அள்ளி ஈரம் பாருங்கள்.