பிளேடு கற்றுக்கொடுத்த கேள்விகள்

பேட்டி எடுக்க யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. பாதி பெரியவர்களிடம், பாதி சவர பிளேடிடம் என்பேன்.

இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் மயில்வாகனனைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். குரல் இருந்தால் போதும் என்ற நினைப்போடுதான் அறுபதுகளில் திருச்சி வானொலிக்குள் நுழைந்தேன். பண்ணை நிகழ்ச்சிப் பிரிவில் போட்டார்கள். அங்கே மைக்கை நீட்டிக் கேள்வி கேட்பவனே திரும்பி வந்து ஒலிநாடாவையும் வெட்டி ஒட்ட வேண்டும். குரலின் மகிமை அந்த மேஜையில் செல்லாது.

கால் அங்குல அகல நாடா, நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். அரை நொடித் தயக்கம் என்றால் கிட்டத்தட்ட நாலு அங்குலம். சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல் தொடங்கும் இடத்தை மஞ்சள் பென்சிலால் குறித்து, சாய்வாக வெட்டி ஒட்டுவோம். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டப்’ என்று கேட்கும். சாய்த்து வெட்டினால் ஒரு ஒலி அடுத்ததில் கரைந்துவிடும். எல்லாத் தயக்கத்தையும் வெட்டவும் கூடாது. மூச்சே விடாத மனிதரை யாரும் நம்ப மாட்டார்கள். வெட்டி எடுத்த மூச்சுத் துண்டுகளை மேஜை விளிம்பில் தொங்கவிட்டு வைத்திருந்து, வேறிடத்தில் ஒட்டியதுண்டு.

அந்த மேஜைதான் கேள்வியைத் திருத்தியது. விவசாயி பேசும்போது நான் ‘ம்... ம்...’ கொட்டினால், அது அவர் சொல்லின் மேலேயே பதிவாகிவிடும்; எந்தப் பிளேடாலும் பிரிக்க முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டப் பழகினோம். ‘ஆமாங்க’ என்று முடிகிற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. என் கேள்வியை வெட்டி எறிந்தாலும் அவர் பதில் தனியாக நிற்க வேண்டும். ‘உரம் போட்டீர்களா?’ என்பதை விட்டுவிட்டு, ‘நாற்று நட்டதிலிருந்து என்னென்ன செஞ்சீங்க, சொல்லுங்க’ என்று கேட்கத் தொடங்கியது அப்படித்தான்.

அப்போது தஞ்சைப் பகுதியில் ஏடிடி 27 குறுவைக்குப் பரவிக்கொண்டிருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த குறுகிய கால நெல். வானொலி மூலம் ஊர் ஊராகத் தெரிந்ததால் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்துவிட்டது. வரப்பில் நின்றுகொண்டு ஒரு பெரியவரிடம் பயிர் எப்படி என்று கேட்டேன்.

“இந்தா, இம்புட்டு நிக்குது பாருங்க.” கையைத் தாழ்த்திக் காட்டினார்.

“இம்புட்டுன்னா எம்புட்டுங்க ஐயா?”

“அட, உங்க கண்ணு முன்னாடிதானே நிக்குது?”

“எனக்குத் தெரியுது. வீட்ல கேக்கிறவங்களுக்கு?”

சற்று யோசித்தார். “முழங்காலுக்கு மேல, இடுப்புக்குக் கீழ. கதிரு முத்துனா மடை ஓரத்துல சாஞ்சுடுமோன்னுதான் பயம்.”

உயரத்தை மட்டும்தான் கேட்டேன். பயமும் சேர்ந்து வந்தது. கையால் காட்டியதைச் சொல்லாக மாற்றச் சொன்னால், மனிதர் தன் பயிரை மறுபடி ஒரு முறை பார்க்கிறார். அன்றைய நாடாவில் வெட்ட அதிகம் இருக்கவில்லை.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வானொலியிலிருந்து போனவர்களில் நானும் ஒருவன். அங்கே போனதும் பிளேடு கையை விட்டுப் போயிற்று. படம் வீடியோ நாடாவில் சாய்வான கோடுகளாகப் பதிகிறது. நம் இஷ்டத்துக்கு வெட்டினால் படம் குலைந்துவிடும். பல நிகழ்ச்சிகள் நேரடியாகவே போயின. ஃப்ளோர் மேனேஜர் விரல்களை நீட்டி மீதி நிமிடங்களைக் காட்டுவார். அதற்குள் விருந்தினர் தம் கருத்தைச் சொல்லி முடித்திருக்க வேண்டும். எதை விடலாம், எங்கே நிறுத்தலாம் என்ற கணக்கு பேச்சு நடக்கும்போதே மண்டைக்குள் ஓட வேண்டும். மேஜையில் பழகாதவர்கள் இதில் திணறினார்கள்.

பழையதில் சிலவற்றைக் கைவிடவும் வேண்டியிருந்தது. வானொலியில் காப்பாற்றிய தலையாட்டல், திரையில் பூம்பூம் மாட்டை நினைவூட்டியது. ‘இம்புட்டுன்னா எம்புட்டு?’ என்ற கேள்விக்கும் வேலை போயிற்று. கேமரா அந்தக் கையைக் காட்டும் வரை நான் பேசாமல் இருந்தாலே போதும். ஆடையும் தொல்லைதான். நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்தக் காலக் கறுப்பு வெள்ளைக் கேமராவுக்கு விளக்கொளியில் வெள்ளை ஆகாது. சட்டை கண்ணைக் கூச, முகம் இருண்டுவிடும். வெளிர்நீலச் சட்டையில் வரும்படி முன்கூட்டியே கெஞ்சுவதும் தயாரிப்பாளர் வேலையில் சேர்த்தி.

இன்று கணினியில் மூச்சைக்கூட ஒரு சொடுக்கில் நீக்கலாம்; தப்பாக நீக்கினால் திரும்பக் கொண்டுவரலாம். வசதிதான். ஆனால் ‘எப்படியும் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற தைரியத்தில், ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பத்து நிமிடம் தேடுகிறார்கள். அந்தத் தேடலும் பெரும்பாலும் வேறு யாரோ ஒருவர் தலையில். கேட்டவருக்குத் தன் கேள்வி எங்கே சொதப்பியது என்பது கடைசி வரை தெரிவதில்லை.

பயிற்சிக்கு வருகிறவர்களிடம் குரலைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. நீங்கள் எடுத்த முதல் சில பேட்டிகளை நீங்களே உட்கார்ந்து வெட்டுங்கள் என்பேன். உங்கள் குரலை எத்தனை இடத்தில் நீக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த பேட்டியில் அத்தனை இடத்திலும் தானாகவே வாயை மூடிக்கொள்வீர்கள்.