கண்ணாடிக் குழாயில் தெரியும் மைலேஜ்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் சாலையோரங்களில் லாரியின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பட்டறை இருக்கிறது. பாடி கட்ட ஓரிடம், ஸ்பிரிங் பட்டைக்கு ஓரிடம், ரேடியேட்டருக்கு ஓரிடம். ரிக் வண்டிகளாலும் கேஸ் டேங்கர்களாலும் பேர் வாங்கிய வட்டாரம்தான். ஆனாலும் டீசல் பம்ப் கடைகளின் வாசலில் சின்ன வண்டிகளுக்கும் குறைவில்லை. பழைய டாடா 207, டிஐ இன்ஜின் பொலேரோ பிக்கப், 2005-இல் வந்து ‘குட்டி யானை’ என்று பேர் எடுத்த டாடா ஏஸ் என எல்லாம் வந்து நிற்கின்றன. உரிமையாளர்கள் சொல்லும் குறை இரண்டுதான்: வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் தரவில்லை. கூடவே ஒரு வேண்டுகோள்: “ஏதாவது செட்டிங் பண்ணிக் குடுங்க.” அந்தச் செட்டிங்கில் மைலேஜ் கிடைக்குமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேய்மானத்தால் இன்ஜின் இழந்த மைலேஜை இந்தக் கைவினைஞர்களால் திருப்பித் தர முடியும். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒரு கிலோமீட்டர் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. நடந்தாலும் அதன் செலவு வேறொரு கணக்கில் ஏறும்.

பம்ப் கடை மற்றப் பட்டறைகளைப் போல் இருக்காது. மண்ணும் கிரீஸும் குழைந்த தரை இங்கே ஆகாது. பம்புக்குள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றிய பேரலுக்கும் இடையே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல மடங்கு. ஆகவே ‘எலிமென்ட்’ என்று இவர்கள் சொல்லும் அந்த ஜோடியைப் பிரித்து மாற்றிப் போட மாட்டார்கள். ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்றுவார்கள். இந்தப் பம்புகளைச் செய்த மைக்கோ, அதாவது மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பேர் மாற்றிக்கொண்டது. கடைக்காரர் வாயில் அது இன்னும் மைக்கோதான். கழற்றிய பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி மோட்டாரால் சுழற்றுகிறார்கள். சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் விழுகிறது. குறித்த வேகத்தில், குறித்த எண்ணிக்கை ஸ்ட்ரோக்குக்கு எந்தக் குழாயில் எத்தனை சிசி என்று படிக்கிறார்கள். நான்கு சிலிண்டர் வண்டியென்றால் நான்கு குழாய்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால், கூடுதலாக வாங்கும் சிலிண்டர் புகை தள்ளும், குறைவாக வாங்குவது சோம்பும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிப்பார். பழைய வண்டியின் மைலேஜ் போகும் வழிகளில் ஒன்று இப்படிக் கண்முன்னே குழாயில் தெரிகிறது.

டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் நாசிலுக்குத் தனி மேடை. கை டெஸ்டரில் மாட்டி லீவரை அழுத்தினால், குட்டி யானை போன்ற, ப்ரீசேம்பர் என்னும் முன்னறையில் தெளிக்கும் ஐடிஐ இன்ஜினின் நாசில் 100-க்கும் 150-க்கும் இடைப்பட்ட பாரிலும், சிலிண்டரில் நேரடியாகத் தெளிக்கும் டிஐ இன்ஜினின் நாசில் 200 பாரை ஒட்டியோ அதற்கு மேலோ திறக்க வேண்டும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். திறக்கும்போது கர்ரென்று ஒரு சத்தம், பனிபோல் சீரான தூவல், நின்ற பிறகு நுனியில் ஒரு சொட்டுகூட இல்லாமை: இந்த மூன்றையும் காதும் கண்ணும் சேர்ந்து பார்க்கின்றன. ஒழுகும் நாசிலில் டீசல் தூவலாகப் போகாமல் துளியாக விழுகிறது. துளி மெதுவாக எரிகிறது. பிஸ்டன் கீழே இறங்கிய பிறகு எரிகிறது. அந்தச் சூடு சக்கரத்துக்குப் போகாமல் சைலென்சர் வழியாக வெளியேறுகிறது. கரும்புகையைக் கண்டு “அத்தனையும் எரியாத டீசல்” என்று சொல்வது வழக்கம். உண்மையில் அந்தக் கரியின் எடை டீசலில் மிகச் சிறிய பங்குதான். பெரிய இழப்பு, நேரம் கடந்து எரிந்த டீசலில் இருக்கிறது. புகையை அந்த இழப்பின் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடு தெரிந்தால் சந்தையில் விற்கும் பாதிச் சாதனங்களின் கதை முடிந்துவிடும். டீசல் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் திரவம், தண்ணீரைப் பிரித்து வாயு தரும் பெட்டி ஆகிய எல்லாவற்றின் வாக்குறுதியும் ஒன்றே: டீசலை முழுமையாக எரிக்கிறோம், 20 சதவீதம் மிச்சம். ஆனால் நல்ல நிலையில் உள்ள டீசல் இன்ஜின், உள்ளே வந்த டீசலில் 98 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே எரித்துவிடுகிறது. மிச்சமிருக்கும் இரண்டு சதவீதத்துக்குள்ளிருந்து இருபதை எடுக்க வழியில்லை. தோராயமாக, டீசலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு கிராங்குக்கும், ஒரு பங்கு ரேடியேட்டருக்கும், ஒரு பங்கு சைலென்சருக்கும் போகிறது. காந்தம் இந்தப் பங்கீட்டைத் தொடுவதேயில்லை. தண்ணீர்ப் பெட்டியின் கணக்கு இன்னும் மோசம். டீசலில் மூன்றில் ஒரு பங்காகக் கிராங்குக்கு வந்ததை ஆல்டர்னேட்டர் பாதியளவு மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தில் பாதியை வாயுவாக்கி, வாயுவில் மறுபடி மூன்றில் ஒரு பங்கைத்தான் இன்ஜின் வேலையாக்கும். நூறு ரூபாய் டீசல் போட்டு மூன்று ரூபாய் வேலை வாங்கும் வியாபாரம் அது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை மதிப்பிட்டிருக்கிறது. மைலேஜைக் கணிசமாகக் கூட்டியது என்று ஒன்றும் தேறவில்லை.

சரி, சாதனத்தை விடுங்கள், பம்பிலேயே கை வைத்தால் என்ன என்று கேட்பார்கள். பம்பில் அதிகபட்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்த ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. கம்பெனி அதற்கு சீல் வைத்து அனுப்புகிறது. சீலை உடைத்து ‘டீசல் கூட்டி’ விட்டால் இழுவை கூடும், மேட்டில் கியர் குறைக்க வேண்டியிருக்காது. ஆனால் டர்போ இல்லாத பழைய இன்ஜின் ஒரு மூச்சில் இழுக்கும் காற்று மாறாது. காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கடைசியாகப் போன டீசல்தான் மிக மோசமாக எரியும். இழுவையும் மைலேஜும் ஒன்று என்ற நினைப்பு இந்தத் தொழிலில் பல வண்டிகளைக் கெடுத்திருக்கிறது. அதேபோல் இன்னொரு ‘மாற்றம்’, வெயில் ஊர் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. இன்ஜின் சூடேறாமல் ஓடும்; ஆயில் கெட்டியாகவே இருக்கும்; உராய்வும் தேய்மானமும் கூடும். சூடாகிவிடுமோ என்ற பயத்தில் செய்யும் இந்த வேலை மைலேஜைக் குறைக்கவே செய்கிறது.

இங்கே நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டிய எதிர்வாதம் ஒன்று உண்டு. கம்பெனி வைத்த அளவு மைலேஜுக்காக மட்டும் வைத்ததில்லை. புகை விதிக்காகவும் வைத்தது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, டீசல் தெளிக்கும் டைமிங்கைப் பின்தள்ளியிருப்பார்கள். பிந்தைய வண்டிகளில் ஈஜிஆர் வழியாக எரிந்த காற்றை மறுபடி உள்ளே விட்டிருப்பார்கள். அப்படியானால் டைமிங்கை இரண்டு டிகிரி முன்தள்ளினால் மைலேஜ் வருமே? சில இன்ஜின்களில் கொஞ்சம் வரும். இதை மறுக்க முடியாது. ஆனால் டைமிங் முன்னால் போகப் போக சிலிண்டரின் உச்ச அழுத்தம் ஏறுகிறது. கம்பெனி நினைத்ததைவிட இரண்டு மடங்கு பாரம் ஏற்றி ஓடும் வண்டியில் அந்த அழுத்தத்தை ஹெட் கேஸ்கெட்டும் பேரிங்கும் தாங்க வேண்டும். ஒரு ஹெட் வேலையின் கூலியும் சாமானும், வண்டி நின்ற நாட்களின் வாடகையும் சேர்ந்தால், மிச்சம் பிடித்த டீசல் காணாமல் போகும். ஊர்க்காற்றில் கலந்த நைட்ரஜன் ஆக்சைடுக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதால் அது இலவசமாகிவிடாது.

இன்னொரு வாதம், இன்ஜினையே மாற்றுவது. ப்ரீசேம்பர் வைத்த ஐடிஐயைவிட நேரடியாகத் தெளிக்கும் டிஐ இன்ஜின் பத்து, பதினைந்து சதவீதம் சிக்கனமானது என்பது உண்மை. இது நிஜமான முன்னேற்றம். காந்தத்தோடு சேர்த்துப் பேசக் கூடாதது. ஆனால் இது செட்டிங் வேலை இல்லை. கியர்பாக்ஸ், மவுண்டிங், ரேடியேட்டர் எல்லாம் கூட வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றத்தைத் தடுக்கிறது. 2019 திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. பதினைந்து வருட வண்டிக்கு இத்தனை செலவும் தலைவலியும் கட்டுப்படியாகாது.

“நானே ஓட்டிப் பார்த்தேன், இரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கு” என்பதுதான் எல்லா வாதத்தையும் வாயடைக்கும் வாதம். அவர் பொய் சொல்லவில்லை. அளந்த விதத்தில்தான் பிழை. 20 லிட்டர் போட்டு அளக்கும்போது நுரையால் அரை லிட்டர் மாறினாலே இரண்டரை சதவீதம் போயிற்று. 35 செ.மீ. ஆரமுள்ள டயர் 8 மி.மீ. தேய்ந்தால் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். ஓடாத தூரத்தை மீட்டர் இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டும். அந்த வாரம் லோடு குறைந்திருக்கலாம், காசு செலவழித்த டிரைவர் மெதுவாக மிதித்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காந்தம் கட்டிய அதே நாளில் நாசிலும் ஏர் ஃபில்டரும் மாறியிருக்கும். பேர் காந்தத்துக்குப் போகும், வேலை நாசில் செய்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே மட்டத்துக்கு டேங்கை நிரப்பி, நான்கைந்து டேங்க் சராசரி எடுத்தால்தான் ஐந்து சதவீத வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அந்த ஐந்து சதவீதம் சின்ன விஷயமில்லை. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டி வருடம் 36,000 கிலோமீட்டர் ஓடினால் 3,000 லிட்டர் குடிக்கும். மைலேஜ் ஐந்து சதவீதம் கூடினால் 143 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். மறைவாக மந்திரம் விற்பவர்களுக்கு வாடிக்கையாளர் கிடைப்பது இந்தக் கணக்கால்தான். ஆனால் அதே பணம் பிடித்துக்கொண்டே உருளும் பிரேக் டிரம்மிலும், காற்றிறங்கிய டயரிலும், சைடு பலகைக்கு மேல் உயர்த்திய கூண்டிலும், 80-ஐத் தாண்டும் வேகத்திலும் கசிந்துகொண்டிருக்கிறது. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல வருடங்களாகச் சொல்லிவரும் 45 முதல் 55 கி.மீ. வேகம் எந்தச் செட்டிங்கையும்விட மலிவானது.

பம்ப் கடைக்காரரின் மதிப்பை இது குறைப்பதில்லை, கூட்டுகிறது. அவர் விற்பது அளவை. கம்ப்யூட்டர் டீசலைக் கட்டுப்படுத்தும் காமன் ரயில் வண்டிகள் வந்தபின் அந்த அளவு ஸ்கேனருக்கும் விலையுயர்ந்த பெஞ்சுக்கும் நகர்கிறது. காதால் நாசிலைக் கேட்கும் கை குறைந்துவருகிறது. இருக்கும் கைகளுக்கும் ஆபத்து உண்டு. டெஸ்டரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால், சின்னப் புள்ளி போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. நாசில் நுனியின் எதிரே விரலை நீட்டக் கூடாது என்பதையும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதையும் கடைக்கு வரும் பையன்களுக்கு முதல் பாடமாகச் சொல்ல வேண்டும். உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை: செட்டிங் கேட்காதீர்கள், ரீடிங் கேளுங்கள். கழற்றும்போது குழாய்களில் எத்தனை சிசி, மாட்டும்போது எத்தனை, நாசில் எத்தனை பாரில் திறந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டுத் தருகிற கடைக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள்.