மருந்தின் பின்னால் ஒரு மாணவன்

கனமூலைப் பிள்ளைகளுக்கு யானைக்கால் என்பது உம்மம்மா சொல்லும் பழங்கதை. அது அவ்வாறு கதையாய்ப் போனதே பெரிய காரியம். புத்தளம் முதல் அம்பாந்தோட்டை வரையுள்ள கரையோர மாவட்டங்கள் ஏழிலும் குருநாகலிலும் வேரூன்றியிருந்த நோய் அது. பொச்சுமட்டை ஊறும் குழிகளிலும் அழுக்குநீர் தேங்கும் வடிகால்களிலும் பெருகும் நுளம்பு, நூல் போன்ற புழுவை மனித உடலுக்குள் சேர்த்துவிடும். கால் பருத்தவன் தொழிலை இழந்தான். ஊரார் முன் மதிப்பையும் இழந்தான். 2002 முதல் 2006 வரை அந்த எட்டு மாவட்டங்களிலும் ஆண்டுதோறும் மக்களுக்கு மாத்திரை வழங்கப்பட்டது. 2016இல், இலங்கையில் இந்நோய் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அன்று என உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

அம்மாத்திரைகளுள் ஒன்று டைஎதில்கார்பமசீன். பெயர் நாவில் நுழையாது. அதற்குப் பின்னால் நின்ற மனிதரோ நமது அயலவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியர் அதைப் பொறுக்கவில்லை. முழுப் பட்டத்துக்குப் பதில் அதிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. மாமனாரின் பண உதவியுடன் 1923இல் பாஸ்டன் சேர்ந்தார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்காக இரவில் மருத்துவமனையில் கடைநிலைச் சிற்றூழியம். 1925இல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, உடல் திரவங்களில் பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை வெளியிட்டார். ஆயினும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர இடம் கொடுக்கவில்லை. 1940இல் அவர் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். யானைக்கால் மருந்து 1947இல் அங்கிருந்துதான் வந்தது. மறு ஆண்டே அவர் இறந்தார், வயது 53.

அவருடைய சகோதரர் இருவரை ஸ்புரு என்னும் வெப்பமண்டல வயிற்றுநோய் கொண்டுபோயிருந்தது. அந்நோய்க்கு மருந்தாக விளங்கிய ஃபோலிக் அமிலத்தை 1945இல் அவரது குழுவினரே செயற்கையாக ஆக்கினர். அதை நோயாளருக்குக் கொடுத்து ஆராய்ந்தவர்களுள் ஸ்பானிய மொழி பேசும் கியூப வைத்தியர்களும், போர்த்தோ ரிக்கோவின் ராமோன் சுவாரெசும் இருந்தனர். கோதாவரிக் கரையாருக்கும் கரும்புத் தீவினருக்கும் அது சொந்த வீட்டு நோய். ஏழை நாட்டு நோயை, அதைத் தன் வீட்டில் கண்டவன் விடாமல் துரத்துகிறான் என்றே எனக்குப் படுகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுள் புத்தளமும் ஒன்று. அச்சலுகையை ஏளனம் செய்யும் கனவான்களை நான் அறிவேன். (அவர்களுடைய பிள்ளைகள் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அல்லர்.) ஆனால் சலுகை வாசல்வரைதான். எங்கள் பகுதிப் பெண்ணொருத்தி பட்டம் முடித்து, நுளம்பு பரப்பும் நோய்களை ஆராய விரும்புகிறாள். "இன்னும் எத்தனை வருசம் மகள்?" என்று வாப்பா கேட்கிறார். வலை இழுத்துப் பிழைப்பவர் வேறு என்ன கேட்பார்?

பெறுபேறு வந்த வாரத்தில் அவளுக்குப் பொன்னாடையும் மேடையும் குறைவின்றிக் கிடைத்தன. அத்துடன் நாம் கைகழுவிவிடுகிறோம். அமெரிக்காவில் மெக்சிக்கோ வழிவந்த விஞ்ஞானிகள் பூர்வகுடி விஞ்ஞானிகளோடு கூடி 1973இல் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். முன்னேறியவர்கள் பின்னால் வரும் மாணவருக்குத் துணைநிற்பதே அதன் வேலை. பெரும் பணக்காரர் எவரும் முன்வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

நாங்கள் எட்டு ஆசிரியர்கள் மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி வருகிறோம். அவளுடைய முதலாண்டுச் செலவுக்கு அது போதும். இரண்டாம் ஆண்டுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை; வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வலைகாரரையும் தோட்டக்காரரையும் கூட்டிப் பேச இருக்கிறோம்.