விழுங்கப்பட்ட விண்மீன்

2020ஆம் ஆண்டு சனவரி 15, பொங்கல் நாள். நம் முற்றங்களில் காலை 10 மணியை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள ஈர்ப்பலைக் கருவிகள் ஓர் அதிர்வைப் பதிவு செய்தன. ஏறத்தாழ 100 கோடி ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப்போல் சுமார் 6 மடங்கு நிறைகொண்ட ஒரு கருந்துளையும் ஒன்றரை மடங்கு நிறைகொண்ட ஒரு நியூட்ரான் விண்மீனும் இணைந்ததன் அதிர்வு அது. தொலைநோக்கிகள் வானைத் துழாவின. ஒரு பொட்டு வெளிச்சமும் அகப்படவில்லை.

இத்தகைய செய்திகளோடு வண்ணப் படங்கள் மட்டும் தவறாமல் வருகின்றன. "இதை யார் ஐயா எடுத்தார்கள்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். "எடுக்கவில்லை அம்மா, கணக்கிட்டார்கள்" என்றேன்.

ஐன்ஸ்டைன் 1915இல் தந்த சமன்பாடுகளை, இரு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும் நிலைக்குத் தாளில் துல்லியமாகத் தீர்க்க இயலாது. வெளியைக் கட்டங்களாகப் பகுத்து, காலத்தை நுண்ணிய அடிகளாக்கி, கணினிதான் நகர்த்திச் செல்ல வேண்டும். 1964இலேயே முயன்றார்கள்; நாற்பதாண்டுகள் கணக்கு நடுவழியில் உடைந்துகொண்டே இருந்தது. 2005இல் பிரான்ஸ் பிரிட்டோரியஸ் இரு கருந்துளைகளை இணைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே மசாரு ஷிபாட்டாவும் கோஜி உர்யூவும் நியூட்ரான் விண்மீனைக் கருந்துளையோடு மோதவிட்டனர்.

சிமுலேஷன் என்பதை உருவகப்படுத்தல் என்கிறோம். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இச்சொல் சற்று உறுத்தும். மதிமுகம் உவமை, முகமதி உருவகம். இரண்டிலும் மதியும் முகமும் நாம் கண்டவை. இங்கோ முகத்தைக் கண்டவர் எவருமில்லை. அளவை நூலார் மொழியில் இதைக் கருதல் எனலாம். அவர்கள் புகை கண்டு நெருப்பைக் கருதுவர். இவர்களோ கணக்கில் நெருப்பை மூட்டி, எத்தகைய புகை எழும் என்று பார்த்து, வானிலிருந்து வந்த புகையோடு ஒப்பிடுகிறார்கள். நியூட்ரான் பொருளின் கெட்டித்தன்மை முழுதாகப் பிடிபடாததால், ஒரே மோதலைப் பல ஊகங்களோடு பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே அப்படங்கள் ஒவ்வொன்றும் ‘இப்படியாயின் இப்படி’ என்னும் வாக்கியம்.

அவ்வாக்கியங்களுள் என்னை வியக்கவைத்தது ஒன்று: பெரிய கருந்துளை பெரும்பாலும் விண்மீனைக் கிழிப்பதில்லை, சிறியதே கிழிக்கிறது. நிலவு பூமியின் அருகுப்பக்கத்தை மிகுதியாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது; அவ்வேறுபாட்டால் எழுவதே கடலின் ஓதம். இருபது கிலோமீட்டர் சொச்சம் குறுக்களவுள்ள நியூட்ரான் விண்மீனுக்கும் அதே ஓதம்தான் கூற்றுவன். சிறிய கருந்துளையின் விளிம்பருகே அவ்வேறுபாடு கடுமையானது. உள்ளே விழுமுன்பே விண்மீன் வால்போல நீண்டு சிதறும். பெரியதன் விளிம்பருகே அது மெலிது. விண்மீன் ஏறக்குறைய முழு உருண்டையாகவே சென்று மறையும். பொங்கல் நாளில் நாம் அறிந்தது முழு விழுங்கல் என்பதே கணக்கின் சாய்வு. இருட்டு அதோடு பொருந்துகிறது. அத்தொலைவில் மங்கிய ஒளி எழுந்திருந்தாலும் தப்பியிருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிழிந்தால் என்ன, விழுங்கினால் என்ன என்று கேட்கலாம். கிழிந்து வெளியே தப்பும் பொருளில் கனத்த தனிமங்கள் விளையக்கூடும் என்று லாட்டிமரும் ஷ்ராமும் 1974இலேயே எழுதினர், பொன்னும் அவ்வினத்தது. முழுதாக விழுங்கப்பட்டால் குன்றிமணிப் பொன்னும் மிஞ்சாது.

2023 மே 29 அன்று வந்த அதிர்வில், கருந்துளை எனக் கருதப்படும் பெரிய பொருளின் நிறை சூரியனைப்போல் இரண்டரை முதல் நாலரை மடங்குதான். கிழிந்திருக்க வாய்ப்பு கூடுதல். ஆனால் ஒரே ஒரு கருவிதான் அதைப் பதிவு செய்தது; வானில் எத்திசையில் தேடுவது என்றே தொலைநோக்கிகளுக்குத் தெரியவில்லை.