எருவல்ல, பருவம்

நர்சரிகளில் ஆப்பிள் ஒட்டுக்கன்று விற்பனைக்கு வந்த பிறகு, தென்னையும் முருங்கையும் நிற்கும் வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆப்பிளும் நிற்கட்டுமே என்ற ஆசை சமவெளிக்காரர்களுக்கும் வந்துவிட்டது. ஆசையில் குற்றமில்லை. ஆனால் பொங்கலூர் போன்ற வறண்ட சமவெளி ஊரில் அந்தக் கன்று பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் நோகும். முதலில் தளதளவென்று வளரும். பிறகு கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை நிற்க, அதற்குக் கீழே முழ நீளத்துக்கு எந்தக் கண்ணும் துளிர்க்காது. பூத்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, காலம் தப்பிப் பூக்கும். இதைப் பார்த்ததும் கை தானாகச் சாணத்தையும் புண்ணாக்கையும் யூரியாவையும் தேடிப் போகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. அந்த மரம் பட்டினியால் வாடவில்லை. அதற்குப் பருவம் கிடைக்கவில்லை.

ஆப்பிள் இலையுதிர் மரம். குளிர் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு மொட்டுகள் உறங்கப் போகும். போதுமான நேரம் குளிர் பட்டால்தான் அவை ஒருசேர விழிக்கும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கழிந்த மணி நேரங்களைக் கூட்டிப் பார்ப்பது இதற்கான பழைய கணக்கு. காஷ்மீரிலும் சிம்லாவிலும் விளையும் டெலிசியஸ் வகைகளுக்கு 800 மணி நேரமாவது வேண்டும். பொங்கலூரில் தை மாத விடியற்காலையிலும் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். எத்தனை வருஷம் கூட்டினாலும் கணக்கு பூஜ்யம்தான். சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலுக்கே பார்லின்ஸ் பியூட்டி போன்ற, குறைந்த குளிரில் காய்க்கும் வகைகளைத்தான் பரிந்துரைக்கிறார்கள். இந்த நிலையில் தழைச்சத்தைக் கொட்டினால் மரம் இளந்தளிராக விட்டுக்கொண்டே இருக்கும், அசுவினி வந்து அப்பும், ஓய்வு இன்னும் தள்ளிப் போகும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். வெப்பத்தைத் தாங்கும் வகைகள்தான் வந்துவிட்டனவே? வந்திருக்கின்றன, மெய்தான். இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவில் கிடைத்த டார்செட் கோல்டன், இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 ஆகியவை பெயர் பெற்றவை. சர்மாவின் உழைப்புக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது, தகுதியான மரியாதை. ஆனால் பிலாஸ்பூரின் கோடை நம் கோடையைப் போலச் சுட்டாலும், அங்கே குளிர்கால இரவுகள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். கோடையைத் தாங்குவது வேறு, குளிரே இல்லாமல் விழிப்பது வேறு. நல்ல வகையைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான்.

மீதிப் பாதிக்கு வழிகாட்டுவது கிழக்கு ஜாவாவின் பாத்து என்ற ஊர். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், இலையுதிர்காலமே இல்லாத அந்த மலைப்பகுதியில் ஆப்பிளை ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்க வைத்தார்கள். அறுவடை முடிந்து சில வாரங்களில் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவிவிடுவார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் விழும் முன்பே அதை எழுப்பிவிடுகிற உத்தி இது. தூங்காத பிள்ளைக்குத் தாலாட்டுவதற்குப் பதிலாக, கண் சொருகும்போதே தட்டி எழுப்புவது மாதிரி. பாத்து மலையூர், பொங்கலூர் வறண்ட சமவெளி என்ற ஆட்சேபம் நியாயமானது. அங்கே வருகிற விளைச்சல் இங்கே வராது. ஆனால் மொட்டின் இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கே அதற்கு ஏற்ற காலம் மார்கழிக் கடைசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். ஒரு சில வாரம் தண்ணீரைக் குறைத்து, இலையை உருவி, லேசாகக் கவாத்து செய்து, பிறகு நீர் விட்டால் தையில் பூ வரலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக்குள் காய் கனிந்து இறங்கியிருக்கும். அன்னாவுக்குப் பக்கத்தில் டார்செட் கோல்டன் ஒன்று நின்றால் மகரந்தம் நன்றாகச் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

இலையை உருவுவது நோஞ்சான் மரத்தைக் கொல்லாதா? வேர் சரியில்லாவிட்டால் கொல்லும்தான். அதனால் வேரை முதலில் பார்க்க வேண்டும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலை மஞ்சளாக வெளுத்தால், சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து மரத்துக்கு எட்டவில்லை என்று பொருள். அன்னபேதிக் கரைசலை இலையில் தெளிக்கலாம். இலை ஓரம் கருகினால் போர் தண்ணீரின் உப்பைச் சந்தேகிக்க வேண்டும்; மழைநீரைச் சேர்த்து விடுவது நல்லது. தேங்காய் மட்டை மூடாக்கு வேரைக் குளிர வைக்கும், ஆனால் கறையான் ஏறாமல் தண்டிலிருந்து விலக்கிப் போட வேண்டும். மேற்கு வெயிலில் பட்டை வெடிக்கிற தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் போதும். மண்ணையும் நீரையும் சோதித்துக்கொள்ளப் பொங்கலூரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

கொய்யாவும் சீத்தாவும் நெல்லியும் தானாக வருகிற மண்ணில் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவருக்கு, பழம்தான் வேண்டுமென்றால் அவர் சொல்வதே சரி என்பேன். புதிதாக நடப்போருக்கு நானும் கொய்யாவைத்தான் சொல்வேன். ஆனால் ஏற்கெனவே நட்ட மரம் நிற்கிறது; அதை வெட்டும் முன் ஒரு முறையாவது அதன் தேவைப்படி நடத்திப் பார்க்க வேண்டும். வெப்ப இரவுகளில் தோல் சரியாகச் சிவக்காது; மஞ்சளும் பச்சையுமாகவே பழுக்கும். அதை நோய் என்று எண்ணி மறுபடியும் உரத்தைத் தேட வேண்டாம். தண்ணீரின் உப்பு தீராமல், இரண்டு தை கடந்தும் கண்கள் துளிர்க்கவில்லையென்றால், அந்தக் குழியில் கொய்யாவை வைக்கலாம்.