தேய்மானமும் பூச்சும்

புதிதாகச் செய்த மேசையொன்றின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, பலகையைச் சங்கிலியால் அடித்து, ஆங்காங்கே ஆணியால் குத்தி, நூறாண்டு உழைத்துக் களைத்த மேசையைப் போலக் காட்டுவதற்கென்றே ஒரு கலை உலகில் வளர்ந்து நிற்கிறது. இதனைக் கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் நம்ப மறுப்பர். பழையதைப் புதிதாக்குவதன்றோ தொழில், புதியதைப் பழையதாக்க ஒருவன் கூலி வாங்குவானோ என்பர். வாங்குகிறான்; நல்ல கூலியே வாங்குகிறான். மரச்சாமானுக்கு வெள்ளையோ சாம்பலோ வெளிர்நீலமோ பூசி, கை படும் இடங்களில் மட்டும் அப்பூச்சைச் சுரண்டி, அடியிலுள்ள மரமோ முந்தைய வண்ணமோ வெளித்தெரியுமாறு விடுவது இக்கலை. மேலைநாட்டார் இதனைப் பண்ணைவீட்டுப் பாணி என்று அழைக்கின்றனர். சென்னை, பெங்களூரு அடுக்ககங்களிலும் அது குடிபுகுந்துவிட்டது.

எள்ளி நகையாடிவிட்டுப் போவது எளிது. ஆனால் இதன் வேரைத் தேடிச் செல்வோர்க்கு எள்ளத் தோன்றாது.

18, 19 ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்காவின் சிற்றூர்களில் வாழ்ந்த உழவர், தம் வீட்டுச் சாமான்களைப் பெரும்பாலும் அருகில் கிடைத்த பைன் போன்ற எளிய மரங்களில் செய்துகொண்டனர். ஒரே நாற்காலியில் இரண்டு மூன்று வகை மரங்கள் இருக்கும். வின்சர் நாற்காலி என்று பெயர் பெற்ற நாற்காலியில் இருக்கைப் பலகை மென்மையான பைன். கால்கள் கடைவதற்கு ஏற்ற மேப்பிள். முதுகுக் கம்பிகள் வளைந்தும் முறியாத ஹிக்கரி. மரத்துக்கு மரம் நிறம் வேறு. அந்த வேறுபாட்டை மறைக்கவே வண்ணம் பூசினர். ஆகவே பண்ணைவீட்டில் வண்ணம் ஆடம்பரமன்று, ஏழ்மையின் போர்வை.

அவ்வண்ணங்களுள் ஒன்று பாலில் செய்யப்பட்டது என்பது மாணவர்க்கு வியப்பளிக்கலாம். பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் தண்ணீரில் எளிதில் கரையாது. சுண்ணாம்பு சேர்ந்தால் கரைந்து பசையாகும். அதில் செம்மண்ணோ வேறு நிறமண்ணோ கலந்து மரத்தில் பூசினால், காய்ந்தபின் கல்போல் இறுகி நிற்கும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துக் கண்ணாடிபோல் மினுங்கச் செய்தார்களே, அந்தக் கொத்தனாரும் இந்த உழவனும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வகையான அறிவை எட்டியிருக்கின்றனர். சுண்ணாம்புக்குப் புரதம் துணை என்பதே அது.

அவ்வாறு பூசிய நாற்காலியில் தந்தை அமர்ந்தார்; மகன் அமர்ந்தான்; பேரன் அதனைக் கவிழ்த்துப் போட்டு வண்டியாக்கி விளையாடினான். கைப்பிடி முனையில் வண்ணம் போயிற்று. கால் வைக்கும் குறுக்குச் சட்டத்தில் போயிற்று. எவரும் செய்யாத தேய்மானம் அது. இன்றைய பாணி அந்தத் தேய்மானத்தைத்தான் நகலெடுக்கிறது.

நகலெடுப்பு வணிகமான கதை அண்மைக்காலத்தது. ரேச்சல் ஆஷ்வெல் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1989 இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் இத்தகைய சாமான்களுக்கென ஒரு கடை திறந்தார். மறு ஆண்டில் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்பவர், மரத்தை முன்கூட்டித் தேய்க்காமலேயே பூசக்கூடிய, சுண்ணக்கட்டி போன்ற மங்கல் வண்ணமொன்றை உருவாக்கினார். 2013 இல் டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரிலிருந்து ஒரு தம்பதியர் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் தொலைக்காட்சித் தொடர் வந்தது. பண்ணைவீட்டுப் பாணி வீடுதோறும் புகுந்தது. நம் நாட்டு ஜோத்பூர்த் தச்சர்கள் மாமரத்திலும் ஷீஷம் மரத்திலும் இவ்வகைச் சாமான்களைச் செய்து கப்பலேற்றுகின்றனர். அமெரிக்க உழவனின் ஏழ்மையை ராஜஸ்தானத்துத் தச்சர் செய்து, அமெரிக்கச் செல்வர்க்கு அனுப்புகிறார்! வணிகத்தின் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

செய்முறை கடினமன்று, கவனம் வேண்டும். சாமானைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவர். முதலில் ஓர் இருண்ட வண்ணத்தை அடியில் பூசி உலர விடுவர். பிறகு எங்கெங்கே தேய்ந்து தோன்ற வேண்டுமோ அங்கெல்லாம் மெழுகுவத்தியைத் தேய்ப்பர். அதன்மேல் வெள்ளையைப் பூசுவர். மெழுகின்மேல் பூச்சு பிடிக்காது. உலர்ந்தபின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் அந்த இடங்கள் மட்டும் உதிர்ந்து, அடியிலுள்ள இருண்ட வண்ணம் எட்டிப் பார்க்கும். இறுதியில் மெழுகுப் பசை தடவித் துணியால் மெருகேற்றுவர். தேர்ந்தவன் கைக்கும் தேராதவன் கைக்கும் வேறுபாடு ஓரிடத்தில்தான். தேராதவன் எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்ப்பான். தேர்ந்தவன், இந்த இழுப்பறையை மனிதன் எந்தக் கையால் இழுப்பான், இந்த நாற்காலியில் முழங்கை எங்கே படும், துடைப்பம் எந்தக் காலில் இடிக்கும் என்று எண்ணிப் பார்த்தே தேய்ப்பான். பொய்யைச் செய்வதற்கும் வாழ்க்கையைக் கவனித்திருக்க வேண்டும் போலும்.

நம் பக்கத்து மரபு இதற்கு நேர் எதிரானது. நல்ல மரத்துக்கு வண்ணம் பூசுவது நம் தச்சர்க்கு இழிவு. தேக்கும் ஈட்டியும் தம் வரிகளைக் காட்டி நிற்க வேண்டும். அதற்குரியது பிரெஞ்சு பாலிஷ். பெயர் பிரான்சினுடையது, பொருளோ நம்முடையது. குசும மரத்திலும் புரசிலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கே அதன் உயிர். அந்த அரக்கை ஆராய்வதற்கென்றே ராஞ்சியை அடுத்த நாம்குமில் 1924 இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் இரவு முழுதும் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தோய்த்து, வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவர். ஒருமுறை தேய்த்தால் ஒன்றும் தெரியாது. பத்து முறை, இருபது முறை தேய்த்தால் மரத்துக்குள்ளிருந்தே ஒளி வருவது போலிருக்கும். குறையும் உண்டு. சூடான தேநீர்க் குவளையை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஈரமும் அதற்கு ஆகாது.

அந்த ஈரம்தான் கடற்கரை ஊர்களில் அரக்கை வென்றது. நம் ஊரில் மணமகன் மணமகளின் இல்லத்துக்கு வந்து வாழ்வது வழக்கம். வீடும் வீட்டுச் சாமானும் பெண்மக்கள் வழியே இறங்கிவரும். ஆகவே ஒவ்வொரு நிக்காஹ்வுக்கும் முன்பாக மணவறையைச் சீர்செய்வார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவரிடமே கதவுக்கு வாங்கிய பெயிண்டில் மிஞ்சியதைக் கொடுத்து, அலமாரிக்கும் ஒரு கை பூசச் சொல்வார்கள். உப்புக்காற்றில் வெளுத்துப்போன பாலிஷைப் புதுப்பிக்கத் தச்சரை அழைப்பதைவிட இது மலிவு.

நம் இல்லத்து அலமாரியின் வரலாறும் இதுவே. தாய்வழிப் பாட்டனார் 1938 இல் ரங்கூனிலிருந்து கப்பலில் அனுப்பிய பர்மாத் தேக்கு அலமாரி அது. 1941 டிசம்பரில் ரங்கூன்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அடுத்த ஆண்டில் இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்தனர். பாட்டனாரும் அவ்வாறே வந்தார். கடை போயிற்று, கணக்கேடுகள் போயின. ரங்கூன் வாழ்வில் எஞ்சியது முன்கூட்டியே வந்துசேர்ந்த அந்த அலமாரி ஒன்றே. 1961 இல் உம்மாவின் நிக்காஹ்வுக்கு அது பச்சையாயிற்று. 1974 இல் சாச்சியின் நிக்காஹ்வுக்கு நீலமாயிற்று. 1988 இல் லாத்தாவின் நிக்காஹ்வுக்குச் சந்தன நிறமாயிற்று. இப்போது அது லாத்தாவின் மகளுக்குச் சேர்ந்துவிட்டது.

சார்ஜாவில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டுச் சென்னைக்குக் குடிவந்திருக்கும் மருமகள், அலமாரியைப் பண்ணைவீட்டுப் பாணியில் வெள்ளையாக்க விரும்பினாள். படங்களைக் காட்டினாள். வீட்டில் மூத்தோர் முகம் சுளித்தனர். லாத்தா பேசவில்லை. நம்மிடம் கருத்துக் கேட்கப்பட்டது. மகளுக்கென்று மனமுவந்து கொடுத்து, அவள் கைக்கொண்டுவிட்ட பொருள் அவளுடையதே. அதன்மேல் மாமன் என்ற முறையில் நமக்கிருப்பது அபிப்பிராயமேயன்றி அதிகாரமன்று. அதனையே சொன்னோம். அபிப்பிராயத்தையும் சொன்னோம்: அந்த மரத்துக்கு வெள்ளை வேண்டாம்.

வேலைக்கு வந்த முதிய தச்சர் கையை விரித்தார். "பாய், பர்மாத் தேக்குக்கு வெள்ளை அடிக்கச் சொன்னா எனக்குக் கை வராது."

"மூணு தடவை அடிச்சிருக்காங்களே அண்ணே, அப்பக் கை வந்துச்சா?" என்றாள் மருமகள்.

"அது நான் அடிச்சது இல்லைம்மா. சுண்ணாம்பு அடிக்க வந்தவன் அடிச்சது."

எவரும் எதையும் முடிவு செய்யுமுன் தூசியையாவது துடைப்போம் என்று அவர் ஈரத்துணியை எடுத்தார். பூட்டுக்கு அருகே துடைத்தபோதுதான் அது தெரிந்தது. கட்டைவிரல் அகலத்தில் சந்தன நிறம் தேய்ந்து நீலம். நீலத்துக்கு நடுவே பச்சை. பச்சைக்கு நடுவே தேக்கு. அதற்குச் சற்றுக் கீழே பிறைபோல் வளைந்த ஒரு கோடு. பெண்டிர் பூட்டைத் திறக்கும்போது சாவியோடு தொங்கிய கொத்து ஆடி ஆடி அறுத்த கோடு அது. பாட்டியாரின் கொத்து, உம்மாவின் கொத்து, லாத்தாவின் கொத்து.

மருமகள் நெடுநேரம் அதைத் தடவிப் பார்த்தாள். "மாமா, இதைத்தானே அங்கே காசு வாங்கிக்கிட்டுச் செஞ்சு கொடுக்கிறாங்க?" என்றாள்.

பிறகு அவள் கேட்டதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. இல்லாத வயதை உண்டாக்கிக் காட்டுவது மார்க்கத்தில் மோசடியாகாதா என்றாள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்தது என்று வணிகர் கூறியதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நபியவர்கள் வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. அங்கே குற்றம் ஈரத்தில் இல்லை. ஈரத்தை மறைத்ததில் இருக்கிறது. தேய்த்த மேசையைத் தேய்த்ததென்று சொல்லி விற்பவன் அழகை விற்கிறான். அதனையே நூறாண்டுப் பழமை என்று சொல்லி விற்பவன் ஈரத்தை அடியில் வைக்கிறான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழஞ்சாமான் வாங்கச் செல்லும் மாணவர்கள் இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பார்க்கட்டும். கை படவே முடியாத இடத்திலும் தேய்மானம் இருந்தால் அது மனிதர் தேய்த்ததன்று, உப்புத்தாள் தேய்த்தது.

அலமாரியை அப்படியே விட்டுவிடலாம் என்று மருமகள் மனம் மாறினாள். ஆனால் அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன். பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் மிகுதி. அமெரிக்கா 1978 இலேயே வீட்டு வண்ணங்களில் அதனைத் தடுத்தது. நம் நாட்டிலோ 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி, 2017 நவம்பர் முதற்றான் பத்து இலட்சத்தில் 90 பங்கு என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. உதிரும் செதிலும் தூசியும் குழந்தையின் வாய்க்குப் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே வண்ணத்தை நீக்குவதென்று மருமகளே முடிவு செய்தாள். உலர் உப்புத்தாளும் வேண்டாம், தீயால் சூடாக்குவதும் வேண்டாம் என்றோம். முன்னது தூசியையும் பின்னது நச்சுப்புகையையும் எழுப்பும். தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினார் தச்சர். இரண்டு நாள் வேலை ஆறு நாளாயிற்று என்று முணுமுணுத்தார். அதற்குரிய கூலி கொடுக்கப்பட்டது. கீழே விரித்த பிளாஸ்டிக் தாளில் மூன்று நிக்காஹ்களும் சேறாக விழுந்தன. லாத்தா அந்தப் பக்கமே வரவில்லை.

ஏழாம் நாள் அரக்கு ஏறத் தொடங்கியது. பூட்டருகே இருந்த வண்ண வளையங்கள் இப்போது இல்லை. சாவிக்கொத்து அறுத்த கோடு வண்ணத்தோடு நிற்காமல் மரத்துக்குள்ளும் இறங்கியிருந்ததால் அது மட்டும் தங்கிவிட்டது. அதனை மக்கு வைத்து அடைத்துவிடட்டுமா என்று தச்சர் கேட்டார். உள்ளிருந்து லாத்தாதான் பதில் சொன்னார்: "வேணாம்ணே, அது இருக்கட்டும்."